மின் கிட்டார் பெடல்போர்டுக்கு மின்சாரம் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடல்போர்டு அமைக்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) நடுவில் இணைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி. அவற்றை அடுக்கி வைக்கும் பலகையே பெடல்போர்டு. அதை அமைக்கப் பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முதலில் ஓர் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), அடுத்து ஒரு டிலே (எதிரொலி தருவது), பிறகு ஒரு ரிவெர்ப் (அறையின் முழக்கம் தருவது) என்று பெடல்களாகவே சேர்த்துக்கொண்டு போய், கடைசியில் கையில் மிஞ்சும் பணத்துக்கு ஓர் அடாப்டரை வாங்கிப் பொருத்துகிறார்கள். அதன்பின் கிளம்பும் இரைச்சலுக்குப் பெடலைக் குறை சொல்லி, அதை விற்றுவிட்டு வேறொன்றை வாங்குகிறார்கள். புதிய பெடலையும் அதே அடாப்டரில்தான் செருகுகிறார்கள் என்பதால் இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஐந்தாறு பெடல் வைத்திருக்கும் ஒருவர், ஏழாவது பெடலுக்கென்று சேர்த்த பணத்தை ஒரு நல்ல பவர் சப்ளையில் போட்டால், ஏற்கெனவே இருக்கும் அத்தனை பெடல்களும் தெளிவாக ஒலிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பெடலுக்கு எந்த மின்சாரம் வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பெடலின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ, மின் துளைக்குப் பக்கத்திலோ, கையேட்டிலோ நான்கு விவரங்கள் இருக்கும். மின்னழுத்தம் எத்தனை வோல்ட், மின்சாரம் நேர்திசையா மாறுதிசையா, பிளக்கின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா, பெடல் இழுக்கும் மின்னோட்டம் எத்தனை மில்லி ஆம்பியர் என்பவையே அவை. முதல் மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும். நான்காவது, பவர் சப்ளை தரும் அளவுக்குள் அடங்க வேண்டும்.

பெடல்களைத் தரையில் பரப்பி வைத்து, ஒரு தாளில் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வரிசைகளில் 9 வோல்ட், நேர்திசை, நடுமுனை எதிர்மின் என்பதே திரும்பத் திரும்ப வரும். வேறுபாடு மில்லி ஆம்பியரில்தான் தெரியும். வா-வா, ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், அனலாக் கோரஸ் ஆகிய நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதில்லை. ஆனால் ஸ்ட்ரைமன் டைம்லைன் என்ற ஒரே டிலே பெடலுக்கு 300 மில்லி ஆம்பியர் வேண்டும். ஈவென்டைட் எச்9க்கு 500 வேண்டும். பல எஃபெக்டுகளை ஒரே பெட்டிக்குள் அடக்கிய லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப், 3 ஆம்பியர் தரும் தனி அடாப்டருடன் வருகிறது. அனலாக் பெடல்கள் சிக்கனமானவை, டிஜிட்டல் பெடல்கள் பசி மிக்கவை என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

டிஜிட்டல் பெடல்கள் உயிர்பெறும் முதல் நொடியில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கக்கூடும் என்பதால், சீட்டிலுள்ள எண்ணுக்கு மேல் கால் பங்கு ஒதுக்கி வையுங்கள். 300 கேட்கும் பெடலைச் சரியாக 300 தரும் வெளியீட்டில் செருகினால், ஒருநாள் அது பாதி விழித்து, திரை மின்னி, அணைந்து, மறுபடி விழித்துக்கொண்டே இருக்கும்.

அடாப்டர் தரும் மில்லி ஆம்பியர் மிக அதிகமாக இருந்தால் பெடல் கருகிவிடாதா?

கருகாது. பெடல் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். 500 மில்லி ஆம்பியர் வெளியீட்டில் 10 மில்லி ஆம்பியர் பெடலைச் செருகினால் அது 10 மட்டுமே எடுக்கும். கெடுதல் செய்வது கூடுதல் மின்னழுத்தமும் மாறிய துருவமும்தான்.

ஏன் எல்லாம் 9 வோல்ட்? ஏன் நடுமுனை எதிர்மின்?

தொடக்ககாலப் பெடல்கள் எல்லாமே பேட்டரியில் ஓடின. 1962இல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற கரகரப்புப் பெடலுக்கு 3 வோல்ட் போதுமாக இருந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வானொலிகளால் எங்கும் கிடைக்கத் தொடங்கிய சதுர 9 வோல்ட் பேட்டரியே பெடல்களுக்கும் வழக்கமாயிற்று. அடாப்டர் துளை வந்தபோது, பிளக்கைச் செருகியவுடன் உள்ளே இருக்கும் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டியிருந்தது. அந்தத் துளையில் துண்டிக்கும் தகடு பிளக்கின் வெளிச்சுற்றைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியின் நேர்மின் கம்பியை அந்தத் தகட்டின் வழியாகக் கொண்டுபோனால் வேலை எளிதாக முடிகிறது. எனவே வெளிச்சுற்று நேர்மின்னாகவும் நடுமுனை எதிர்மின்னாகவும் அமைந்தன. 1977இல் பாஸ் நிறுவனம் தன் சிறிய பெடல்களைக் கொண்டுவந்து அவை உலகெங்கும் பரவிய பிறகு, மற்றவர்களும் பெரும்பாலும் இதே அமைப்பைப் பின்பற்றினார்கள்.

துருவம் மாறிவிட்டால் என்ன ஆகும்?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மாலை, ஒத்திகைக்குக் கிளம்பும் அவசரத்தில், மேசைமேல் கிடந்த இன்டர்நெட் ரவுட்டரின் அடாப்டரை எடுத்து என் டிஸ்டார்ஷன் பெடலில் செருகிவிட்டேன். பிளக் அச்சாகப் பொருந்தியது. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்விட்டம் 2.1 மில்லிமீட்டர் என்ற அதே அளவுதான் ரவுட்டர்களிலும் பரவலாக உள்ளது. ஆனால் அது 12 வோல்ட், நடுமுனை நேர்மின். இரண்டு நொடியில் கருகிய வாசனை வந்தது. பெடலைத் திறந்து பார்த்தபோது, மின் துளைக்கு அடுத்து இருந்த சிறு கறுப்பு டையோடு நடுவில் பிளந்து, அதன் கீழே பலகை பழுப்பேறியிருந்தது. துருவம் மாறி மின்சாரம் வந்தால் அதைத் தன் வழியே குறுக்குச் சுற்றாக்கி மற்ற பாகங்களைக் காப்பதற்கென்றே அந்த டையோடு அங்கே வைக்கப்படுகிறது. அன்று அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கிய 1என்4001 ஒன்றைப் பற்றவைத்ததும் பெடல் பிழைத்துக்கொண்டது. எல்லாப் பெடல்களிலும் இந்தக் காவல் இருப்பதில்லை. விலை உயர்ந்த டிஜிட்டல் பெடலாக இருந்திருந்தால் உள்ளே இருக்கும் சிப் போயிருக்கக்கூடும்.

அன்றிலிருந்து, புதிதாகக் கைக்கு வரும் எந்த அடாப்டரையும் மல்டிமீட்டரில் பார்க்காமல் நான் செருகுவதில்லை. மீட்டரை நேர்திசை 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் உட்துளையிலும் கறுப்பு முனையை வெளிச்சுற்றிலும் தொடுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தோன்றினால் நடுமுனை எதிர்மின், அதாவது பெடலுக்கு உகந்தது. குறி இல்லாமல் எண் மட்டும் தோன்றினால் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ரவுட்டர், மடிக்கணினி போன்றவற்றின் அடாப்டர்களில் ஒரு துண்டு சிவப்பு டேப்பைச் சுற்றி வைப்பதும் நல்லது.

ஒரே அடாப்டரிலிருந்து பல கிளைகள் பிரியும் டெய்சி செயின் கேபிள் போதாதா?

மூன்று அனலாக் பெடல்கள், குறைந்த கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) என்றால் பல நேரங்களில் போதும். அவற்றோடு ஒரு டிஜிட்டல் டிலேயும் அதிகக் கெயின் கொண்ட ஒரு டிஸ்டார்ஷனும் சேர்ந்த கணத்தில் நிலைமை மாறிவிடும். ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தப் பவர் சப்ளையை வாங்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பெடல்களைப் பேட்ச் கேபிளால் (ஒலி போகும் குட்டைக் கேபிள்) இணைக்கும்போது, அந்தக் கேபிளின் வெளிவலை இரண்டு பெடல்களின் தரையையும் (கிரவுண்ட், அதாவது சுற்றின் பூஜ்ய வோல்ட் முனை) இணைக்கிறது. டெய்சி செயினில் மின்சாரம் கொடுத்தால், மின் கேபிளின் எதிர்மின் கம்பியும் அதே இரண்டு தரைகளை இன்னொரு வழியாக இணைக்கிறது. ஆக, தரைக்கு இரண்டு பாதைகள் உண்டாகி ஒரு வளையம் உருவாகிறது. இந்த வளையம் சுற்றியுள்ள காந்தப்புலத்தை ஒரு சுருள்போல் உள்வாங்கிக்கொள்ளும். அதைவிட மோசமானது, டிஜிட்டல் பெடலின் உள்ளே துடித்துக்கொண்டிருக்கும் கடிகாரச் சுற்று மின்கம்பியில் விடும் நடுக்கம். அதில் ஒரு பங்கு பேட்ச் கேபிளின் வெளிவலை வழியாகத் திரும்புகிறது. வெளிவலைக்கும் சிறிது மின்தடை உண்டு என்பதால் அங்கே ஒரு நுண்ணிய மின்னழுத்தம் தோன்றி, கிட்டார் ஒலியோடு ஒலியாகக் கலந்துவிடுகிறது. அடுத்து நிற்பது, உள்ளே வரும் எதையும் பல நூறு மடங்கு பெருக்கும் டிஸ்டார்ஷன். கொசு ரீங்காரம் போன்ற அந்த மெல்லிய கூவல் அங்கேதான் பெரிதாகிறது.

தனித்த வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளையில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதன் சொந்தச் சுருளோ சொந்த மாற்றியோ இருக்கும். பெட்டிக்குள் எந்த இரண்டு வெளியீடுகளின் எதிர்மின் முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்காது. எனவே தரைக்குப் பேட்ச் கேபிள் என்ற ஒரே பாதைதான் இருக்கும், வளையம் உருவாகாது. ஒரு டிஜிட்டல் பெடலின் நடுக்கமும் அதன் சொந்த வெளியீட்டுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும்.

வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை. எட்டு துளைகள் இருப்பதாலேயே ஒரு பெட்டி எட்டு தனித்த வெளியீடுகள் கொண்டதாகிவிடாது. விலை குறைந்த பல பெட்டிகள் உள்ளே எல்லாத் துளைகளையும் ஒன்றாக இணைத்து, டெய்சி செயினையே ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, பெட்டியை மின்சாரத்திலிருந்து கழற்றிய பின், இரண்டு வெளியீடுகளின் நடுமுனைகளை ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். பீப் ஒலி வந்தால் அவை தனித்தவை அல்ல.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதை வாங்குவதா, ஸ்விட்சிங் வகையை வாங்குவதா?

இரண்டிலும் நல்லவை இருக்கின்றன. வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் போன்றவை வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுபவை. அவை கனமானவை, இரைச்சல் குறைந்தவை, ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரும் மின்னோட்டம் பெரும்பாலும் குறைவு. ஸ்ட்ரைமன் ஜூமா, சியோக்ஸ் டிசி7 போன்ற ஸ்விட்சிங் வகைகள் எடை குறைந்தவை, ஒவ்வொரு வெளியீட்டிலும் தாராளமாக மின்னோட்டம் தருபவை. ஜூமாவில் ஒன்பது வெளியீடுகளும் 500 மில்லி ஆம்பியர் வீதம் தருகின்றன. டிசி7இல் ஒவ்வொரு வெளியீட்டையும் 9, 12, 15, 18 வோல்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் பெடல்கள் இரண்டுக்கு மேல் வைத்திருப்பவருக்கு ஸ்விட்சிங் வகையையே நான் பரிந்துரைப்பேன். டிரான்ஸ்ஃபார்மர் வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் காந்தப்புலம் வா-வா பெடலுக்குள் இருக்கும் சுருளில் நேரடியாகப் பதிந்து ரீங்காரமாக வெளிவரும். வா-வாவை அதற்கு நேர் மேலே வைக்கவே கூடாது.

உறவினர் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த பவர் சப்ளையை இங்கே பயன்படுத்தலாமா?

பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும். 100 முதல் 240 வோல்ட், 50 முதல் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், பிளக்கை மட்டும் மாற்றி நேரடியாகச் செருகலாம். 115, 230 என்று மாற்றும் சிறு ஸ்விட்ச் இருந்தால், செருகும் முன்பே அதை 230க்குத் தள்ளுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகியவுடன் அது போய்விடும். அதற்குத் தனியாக ஒரு மின்னழுத்தக் குறைப்பு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சுமப்பதைவிட, அதை உறவினரிடமே திருப்பிக் கொடுத்து அங்கே விற்கச் சொல்லிவிட்டு இங்கே ஒன்று வாங்குவது மேல்.

18 வோல்ட் கேட்கும் பெடல் ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?

உங்கள் பவர் சப்ளையில் 18 வோல்ட் வெளியீடு இல்லையென்றால், இரண்டு 9 வோல்ட் வெளியீடுகளைத் தொடராக இணைக்கும் இரட்டிப்புக் கேபிள் கிடைக்கிறது. அது தனித்த வெளியீடுகளில் மட்டுமே செல்லும். தனித்தவை அல்லாத இரண்டை அப்படி இணைத்தால் ஒன்று குறுக்குச் சுற்றாகிவிடும். ஃபுல்டோன் ஓசிடி போன்ற சில ஓவர்டிரைவ்கள் 9 முதல் 18 வோல்ட் வரை ஏற்கும். 18இல் ஒலி கூடுதல் தெளிவோடும், அழுத்தி மீட்டினால் கூடுதல் வீச்சோடும் வரும். ஏற்கும் என்று கையேடு சொல்லாத எந்தப் பெடலுக்கும் 9க்கு மேல் கொடுக்காதீர்கள்.

வழக்கத்துக்கு மாறான பெடல்கள் எவை?

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகை ஃபஸ் முதலாவது. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸின் அமைப்பில் நேர்மின் முனைதான் தரை. அதை மற்ற பெடல்களோடு டெய்சி செயினில் போட்டால், பேட்ச் கேபிள் வழியாக நேர்மின்னும் எதிர்மின்னும் நேராகத் தொட்டுக்கொண்டு மொத்த வரிசையும் அணைந்துவிடும். அதற்கென்று ஒரு தனித்த வெளியீட்டை ஒதுக்க வேண்டும், துருவம் மாற்றிய கேபிளும் வேண்டியிருக்கலாம்.

பாஸ் நிறுவனத்தின் பழைய பெடல்களில் ஏ.சி.ஏ என்று அச்சிட்டவை இரண்டாவது வகை. அவற்றின் அடாப்டர் சீரமைக்கப்படாத, 9க்கு மேல் நிற்கும் மின்னழுத்தத்தைத் தந்தது. அதைக் குறைக்கப் பெடலுக்குள்ளேயே ஒரு மின்தடை வைத்திருந்தார்கள். இன்றைய சீரான 9 வோல்ட்டைக் கொடுத்தால் விளக்கு மங்கலாக எரியும், ஒலியும் மெலிந்து வரும். தனித்த 12 வோல்ட் வெளியீடு இதற்குச் சரியான தீர்வு. விற்பவர் 'விளக்குதான் கொஞ்சம் மங்கல், மற்றபடி நன்றாக இருக்கிறது' என்று சொன்னால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது வகை மாறுதிசை மின்சாரம் கேட்பவை. முதல் தலைமுறை லைன் 6 டிஎல்4, டிஜிடெக் வாமியின் நான்காம் பதிப்பு ஆகியவற்றுக்கு 9 வோல்ட் மாறுதிசை வேண்டும். அவற்றோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள், அந்த அடாப்டரை வேறு எதிலும் செருகிவிடாதீர்கள்.

பெடல்களை எந்த வரிசையில் இணைப்பது?

ட்யூனர், வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் அல்லது ஃபேஸர், டிலே, ரிவெர்ப் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும். டிலேக்குப் பின் டிஸ்டார்ஷனை வைத்தால், எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்து ஒன்றின்மேல் ஒன்று குழம்பிவிடும். முன்னால் வைத்தால், கரகரத்த ஒலியின் தெளிவான எதிரொலிகள் கிடைக்கும். ஆம்பின் சொந்தக் கெயினையே டிஸ்டார்ஷனாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதே காரணத்துக்காக டிலேயையும் ரிவெர்ப்பையும் ஆம்பின் பின்பக்கம் உள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் கெயினுக்குப் பிறகு பெடல்களை இணைக்கும் துளைகள்) போடுங்கள்.

ஃபஸ் ஃபேஸ் வகைக்கு மட்டும் விதிவிலக்கு. அது பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், கிட்டாரிலுள்ள சுருள்) நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது மணிபோல் தெளியும். அதற்கு முன்னால் பஃபர் (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) உள்ள எதையும், ட்யூனரைக்கூட, வைக்காதீர்கள்.

பஃபர் எதற்கு? என் பெடல்கள் எல்லாம் ட்ரூ பைபாஸ் ஆயிற்றே?

அதனாலேயே பஃபர் வேண்டும். ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்து வைத்தால் அது ஒரு துண்டு கம்பிக்குச் சமம். அப்படியானால் கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை உள்ள மொத்தக் கேபிளும் பிக்கப்பின் தலையில் விழுகிறது. சாதாரணக் கிட்டார் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் மின்தேக்கம் கொண்டது. கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், பேட்ச் கேபிள்கள் மொத்தம் 2 மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர் என்றால் 1,400 பைக்கோஃபாரட் சேர்கிறது. 2.5 ஹென்றி சுருள் கொண்ட ஒரு சிங்கிள் காயில் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 6 மீட்டர் கேபிள் மட்டும் இருக்கையில் சுமார் 4,100 ஹெர்ட்ஸில் இருக்கும் அதன் ஒத்ததிர்வு முகடு (ஒலி ஓங்கி நிற்கும் இடம்), 14 மீட்டரில் சுமார் 2,700க்கு இறங்கிவிடுகிறது. கம்பியின் பளபளப்பு மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்பது இதனால்தான்.

பஃபர் பிக்கப்பிடம் 1 மெகாஓம் அளவு உயர்ந்த மின்மறுப்பைக் காட்டி, வெளியே குறைந்த மின்மறுப்பில் தள்ளும். அதன்பின் எத்தனை மீட்டர் கேபிள் இருந்தாலும் பிக்கப்புக்குத் தெரியாது. பாஸ் பெடல்கள் பெரும்பாலானவற்றில் அணைத்திருக்கும்போதும் பஃபர் இயங்குகிறது. வரிசையின் தொடக்கத்தில், ஃபஸ் இருந்தால் அதற்கு அடுத்து, ஒன்று இருந்தாலே போதும்.

பலகையின் மேல் எல்லாவற்றையும் எப்படி அடுக்குவது?

ஒட்டும் முன் ஒருநாள் முழுக்க வெறும் தரையில் அடுக்கி வாசித்துப் பாருங்கள். பாட்டின் நடுவில் அடிக்கடி மிதிப்பது முன்வரிசையில் இருக்க வேண்டும், எப்போதும் இயங்கிக்கொண்டே இருப்பது பின்வரிசைக்குப் போகலாம். காலில் செருப்போ ஷூவோ அணிந்து வாசிப்பவர் அதே செருப்போடு, அதே ஷூவோடு சோதிக்க வேண்டும். பெடல்டிரெய்ன் கிளாசிக் 1 போன்ற, 22 அங்குல நீளமும் 12.5 அங்குல அகலமும் உள்ள பலகையில் எட்டு சிறிய பெடல்கள் வசதியாக அமரும்.

வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தைப் பலகையிலும் சொரசொரப்பான பக்கத்தைப் பெடலிலும் ஒட்டுவது வழக்கம். ஒட்டும் முன், பெடலின் அடியிலுள்ள ரப்பர் பாதங்களைக் கழற்றி, உலோகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை உருகி, மண்டபத்தில் திறக்கும்போது பெடல்கள் பையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும்.

பலகையின் அடியில், ஒலி போகும் பேட்ச் கேபிள்களை ஒரு பக்கமும், மின் கேபிள்களை எதிர்ப்பக்கமும் கொண்டுபோங்கள். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும், பக்கத்தில் பக்கமாக நீளப் போக வேண்டாம். கேபிள்களைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டும்போது, ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு விரல் அளவு தளர்வு விடுங்கள். இறுக்கமாக இழுத்துக் கட்டிய பிளக் சில மாதங்களில் துளையையே ஆட்டம் காணச் செய்துவிடும்.

ரீங்காரம் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காதால் கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும்போது மிஞ்சும் அலை அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உங்கள் ரீங்காரம் அந்தச் சுரத்தைவிட மயிரிழை மேலே, மொரமொரப்பாக ஒலித்தால், மின்வழங்கலில் சரியாக வடிகட்டப்படாத அலை வந்துகொண்டிருக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழமாக முனகினால் தரை வளையத்தையோ காந்தப்புலத்தையோ சந்தேகிக்கலாம். மெல்லிய உச்சஸ்தாயிக் கூவல் என்றால் டிஜிட்டல் பெடல்.

அடுத்து, போர்டை முழுவதும் விலக்கிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்பில் செருகிக் கேளுங்கள். அப்போதும் வருகிறதா? கிட்டாரோடு மெதுவாகச் சுற்றித் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி மற்றொரு திசையில் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் வாங்கும் ரீங்காரம், போர்டுக்கு அதில் பங்கில்லை. ஆம்பிலிருந்தும் குழல்விளக்கிலிருந்தும் தள்ளி நிற்பதுதான் அதற்கு மருந்து.

ஆம்ப் அமைதியாக இருந்தால், போர்டை ஒரே ஒரு பெடலோடு இணைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பெடல் சேர்ந்ததும் ரீங்காரம் தொடங்குகிறதோ, அந்தப் பெடலுக்கு மட்டும் ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துப் பாருங்கள். பேட்டரியில் அமைதியானால் குற்றம் மின்வழங்கலில் இருக்கிறது. பேட்டரியிலும் தொடர்ந்தால் பெடலிலோ பேட்ச் கேபிளிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை, பல நாள் குழப்பத்தைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும். இப்படிச் செய்து பார்க்காமல் நாய்ஸ் கேட் பெடல் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். அது வாசிக்காத நேரத்தில் கதவை மூடுகிறது, வாசிக்கும்போது இரைச்சல் அப்படியேதான் உள்ளே இருக்கிறது.

இரண்டு ஆம்புகளுக்கு ஸ்டீரியோவாக அனுப்பும்போது மட்டும் வரும் ரீங்காரம், இரண்டு ஆம்புகளின் எர்த் வழியாக உருவாகும் பெரிய வளையம். ஒலி போகும் இரண்டு வழிகளில் ஒன்றில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீரும்.

மண்டபத்தில் எர்த் சரியில்லை, ரீங்காரம் நிற்கவில்லை. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடலாமா?

கூடாது. எந்த நிலையிலும் கூடாது. ரீங்காரம் நிற்பதைப் பார்த்து இதை மேடைகளில் பலர் சாதாரணமாகச் செய்கிறார்கள், அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். ஆம்புக்குள் ஏதேனும் பழுதாகி மின்சாரம் உலோகப் பெட்டிக்கு வந்தால், எர்த் இல்லாத நிலையில் அது உங்கள் கிட்டார் கம்பிகள்வரை வந்து நிற்கும். உங்கள் விரல் கம்பியில் இருக்கும்போது உதடு எர்த் செய்யப்பட்ட மைக்கைத் தொட்டால், மின்சாரம் உங்கள் நெஞ்சு வழியாகப் போகும்.

மேடை ஏறியதும் புறங்கையை மைக்கின் வலைக்கு அருகே கொண்டுபோய்ச் சோதிக்கும் பழக்கமும் ஆபத்தானதுதான். மூன்று விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள், எர்த் இல்லையென்று காட்டினால் மண்டபத்தின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரியான சாக்கெட்டைக் கேளுங்கள். ஆம்ப், போர்டு, முடிந்தால் ஒலிபெருக்கி மிக்ஸர் ஆகியவற்றுக்கு ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் தரை வளையமும் குறையும். விளக்குகளுக்கான டிம்மர் இணைந்திருக்கும் இணைப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் ஓட வேண்டி வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பவர் சப்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாக முனகும். அதற்குப் பெடலில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

பெடல்களில் பேட்டரியை விட்டு வைக்கலாமா?

வேண்டாம். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும். பேட்டரியில் ஓடும் பெடல்களில், உள்வரும் துளையில் கேபிள் செருகியிருக்கும்வரை, விளக்கு அணைந்திருந்தாலும் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதையும் அறிந்திருங்கள்.

கச்சேரிக்குப் போகும்போது பையில் உபரியாக என்ன வைத்திருக்க வேண்டும்?

இரண்டு பேட்ச் கேபிள்கள், ஒரு மின் கேபிள், பவர் சப்ளையின் ஃப்யூஸ் மாற்றக்கூடியதாக இருந்தால் அதே அளவில் இரண்டு ஃப்யூஸ்கள், ஒரு சிறிய மல்டிமீட்டர், கிட்டாரிலிருந்து நேராக ஆம்பை எட்டும் ஒரு நீளக் கேபிள். இவற்றோடு, 9 வோல்ட் பேட்டரி கிளிப் ஒன்றின் சிவப்புக் கம்பியைப் பெடல் பிளக்கின் வெளிச்சுற்றிலும், கறுப்புக் கம்பியை நடுமுனையிலும் பற்றவைத்து ஒரு சிறு வயர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை மேடையில் உயிரை விட்டால், புதிய பேட்டரி ஒன்றை இதில் மாட்டி ஓவர்டிரைவ் பெடலில் செருகி, கிட்டார், அந்த ஒரு பெடல், ஆம்ப் என்று மூன்றை மட்டும் இணைத்து மீதிப் பாடல்களை வாசித்து முடித்துவிடலாம்.